விருந்தாளிக் கூண்டு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். குப்சிக் வென்டெல் கெட்டதும் வாயால்தான். தவளையாவது மழைக்குக் கத்துகிறது. இவர் வெயில் காயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இருநூறு பேர் நடுவே பெரிய முரசின்மேல் கையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"அட்டை வாங்குறவன் நம்ம ஆளு இல்ல! அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கிறவன் நம்ம ஆளு இல்ல! எவனாவது போனான்னா, செத்தாலும் அவன் மூஞ்சியப் பாக்க மாட்டோம். முதுகுதான் காட்டுவோம்!"

இருநூறு பேரும் ஆமாம் போட்டார்கள். சத்தியம் செய்வதில் கெரெக்வார் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

விஷயம் இதுதான். கெரெக்வாரின் ரயில்வே கால்பந்து அணிக்கு ஒரு பழைய மைதானம் இருந்தது. மரப்பலகை இருக்கைகள், வரிசையாக நெட்டிலிங்க மரங்கள், வேலியில் ஊர் முழுக்கத் தெரிந்த ஓட்டைகள். அதை இடித்துவிட்டுப் புது ஸ்டேடியம் கட்டினார்கள். புல்லுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, ஊரில் பாதி வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வீட்டளவு அகலத்துக்குத் திரை. வாசலில் இரும்புச் சுழல்கதவு, அதில் போட்டோ ஒட்டிய ரசிகர் அட்டையைத் தொட்டால்தான் வழி விடும். "நாம என்ன ஜாமீன்ல வந்த கைதியா, கேட்டுக்குக் கேட்டு மூஞ்சியக் காட்ட?" என்று கோல் கம்பத்துக்குப் பின்னால் காலமெல்லாம் நின்று பாடிய முரசுக் கூட்டம் வெளியே வந்துவிட்டது. தலைவர் வென்டெல்.

அன்றிலிருந்து சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் அவர்கள் ஸ்டேடியத்துக்குப் பின்னால் இருக்கும் ரயில்பாதை மேட்டில் நின்றுகொண்டு, சுவருக்கு வெளியிலிருந்தே முரசடித்துப் பாடினார்கள். அங்கிருந்து கூரை தெரியும், திரையின் மேல்பாதி தெரியும். அதாவது கோல் கணக்கு தெரியும், ஆட்டம் தெரியாது. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டு, போனில் வர்ணனை கேட்டுக்கொண்டு, மழையிலும் பனியிலும் நின்றார்கள். ஆட்டக்காரர்களும் இவர்களை மறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் குளிக்கக்கூடப் போகாமல், ஆடிய நீலச் சட்டையோடே பின்வாசல் வழியாக மேட்டுக்கு வந்து நிற்கவேண்டும். நன்றாக ஆடியிருந்தால் கை கொடுப்பார்கள். மானத்தை வாங்கியிருந்தால், "சட்டையக் கழட்டு! உனக்கு அந்த நீலம் எதுக்கு?" என்பார்கள். கழற்றிக் காலடியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். கழற்றச் சொல்லும் உரிமை வென்டெலுக்கு.

ஒருவன் மட்டும் சத்தியத்தை மீறினான். ஜிகா, வென்டெலோடு ஒரே ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன், ஒரே பெஞ்சில் ரொட்டி தின்றவன். பேரப்பிள்ளை நச்சரித்தது என்று அட்டை வாங்கிவிட்டான். மறுநாள் மதுக்கடையில் அவன் நுழைந்ததும் முதலில் முதுகைத் திருப்பியவர் வென்டெல். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் திரும்பினார்கள். ஜிகா இப்போது ரயிலடிக் கேன்டீனில், சோடா கலந்த வைனைத் தனியாகக் குடிக்கிறான்.

இப்படி இருக்கையில்தான் வென்டெலின் ஒரே பிள்ளை ஷோமா ஒரு வியாழக்கிழமை மாலை சமையலறையில் வந்து நின்றான். பத்தொன்பது வயது. அணியின் இளையோர் பிரிவில் வளர்ந்தவன். பெரிய அணியில் மாற்று ஆளாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, சனிக்கிழமை என்னை இறக்குறாங்க. முதல் பதினொண்ணுல. இடது பக்கம், பின்னாடி."

சனிக்கிழமை நாட்ரேவோடு ஆட்டம். பக்கத்து ஊர், பரம்பரைப் பகை.  வென்டெல் எழுந்து பிள்ளையின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"நீ வரணும்பா."

"மேட்டுல இருப்பேன்டா. முரசு சத்தம் கேக்குமில்ல உனக்கு?"

"முரசக் கேட்டு நான் என்ன பண்ண? நான் ஆடுறத நீ பாக்கணும்."

"சத்தியம் பண்ணிருக்கேன்டா."

"யாருக்கு? இரும்புக் கேட்டுக்கா?"

அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த அவன் அம்மா இல்கா திரும்பாமலே சொன்னாள். "விடுடா. உங்கப்பாவுக்கு முரசுதான் மூத்த பிள்ள. நீ ரெண்டாவதாப் பொறந்துட்ட."

அவள் எப்போதோ அட்டை வாங்கிவிட்டாள். மனைவிமார்களுக்குச் சத்தியம் பொருந்தாது என்று கூட்டத்தின் இரண்டாம் தலைவன் ஒடோன் பெருந்தன்மையாக விலக்குக் கொடுத்திருந்தான். அவன் மனைவியும் போகிறாள் என்பது வேறு விஷயம்.

ஷோமா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் வென்டெலைத் தூங்கவிடவில்லை. போனால் ஜிகாவின் கதி. போகாவிட்டால், பிள்ளையின் முதல் ஆட்டத்தைப் பார்க்காத அப்பன். இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி படுக்கையில் புரண்டார். புரண்டு புரண்டு, விடியற்காலையில் ஒரு குயுக்தி பிறந்தது.

விருந்தாளிப் பகுதி! வெளியூர் ரசிகர்களுக்கென்று மைதானத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பும் வலையும் போட்டு வைத்திருக்கும் கூண்டு. அதற்குத் தனி வாசல். அட்டை வேண்டாம், ஜன்னலில் காசைக் கொடுத்தால் காகிதச் சீட்டு. சத்தியத்தில் என்ன சொன்னோம்? அட்டை வாங்கமாட்டோம், அந்தக் கேட்டுக்குள் கால் வைக்கமாட்டோம். இது அட்டையுமில்லை, அந்தக் கேட்டுமில்லை. ஆட்டம் முடியக் கொஞ்சம் முன்னால் நழுவிவிட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. வக்கீல்கூட இவ்வளவு சுத்தமாக யோசிக்கமாட்டான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒடோனுக்குப் போன் போட்டுப் பித்தப்பையில் கல், எழுந்திருக்க முடியவில்லை, முரசை நீயே அடி என்றார். பின்கொட்டகையில் ஆணியில் தொங்கிய மஞ்சள் கறுப்பு மப்ளரை எடுத்தார். வெகுகாலத்துக்கு முன்னால் நாட்ரேவ் ரயிலடியில் ஒருவன் கழுத்திலிருந்து பிடுங்கிவந்த வெற்றிப் பொருள். அதைத் தன் கழுத்திலேயே சுற்றிக்கொள்ள வேண்டிவந்தபோது கழுத்து அரித்தது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரயிலில் வந்திறங்கிய நாட்ரேவ் கூட்டத்தோடு கலந்துவிட்டார்.

மூலையில் ஒண்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். மப்ளர் அதைக் கெடுத்தது.

"பெரியவரே! இது அந்தக் காலத்து மப்ளராச்சே! எங்க கெடச்சுது?" மலைபோல ஓர் ஆள் வழிமறித்தான். பேர் காஷ்பார், நாட்ரேவ் கூட்டத்தின் தலைவன். "டேய், பழைய ஆளு வந்திருக்காருடா! வழி விடுங்க! முன்னால வாங்க பெரியவரே, எங்களுக்கெல்லாம் மரியாத தெரியும்!"

வேண்டாம் வேண்டாம் என்றவரைத் தோளைப் பிடித்து முதல் வரிசையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒருவன் பழச்சாராயப் புட்டியை நீட்டினான். ஒருவன் விதைப் பொட்டலத்தைக் கையில் திணித்தான். வென்டெல் நன்றி சொல்லி நாலு விதையை வாயில் போட்டார். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்புறம் அணிகள் வந்தன. முதல் பாதியில் கெரெக்வார் அணி காக்கவேண்டிய கோல் இந்தப் பக்கம். ஷோமாவின் இடம் இந்த மூலை. மூன்றாம் எண் போட்ட நீலச் சட்டையில் பிள்ளை வந்து நின்றான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரத்தில்.  கண்ணாடிமேல் கையை வைத்த வென்டெல், சட்டென்று எடுத்துக்கொண்டார்.

வெளியே கூரைக்கு மேலாக முரசு கேட்டது. ஒடோன் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தான், முட்டாள்.

ஷோமா முதல் பந்தைச் சறுக்கி விழுந்து வெட்டியெடுத்தான். வென்டெலின் கால் தானாக உதைத்துக் கண்ணாடியில் மோதியது. "அப்படித்தான் பெரியவரே, உதைங்க!" என்றான் காஷ்பார். கூண்டே சேர்ந்து ஷோமாவைப் பிடித்துக்கொண்டது.

"டேய் பால்குடி! அம்மா தேடுறாங்கடா!"

"கன்னத்துல பவுடர் தடவிருக்காண்டா, பொட்டப்புள்ள!"

"சத்தமே வரலியே பெரியவரே, நீங்களும் சொல்லுங்க!"

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும். வென்டெல் வாயை அசைத்தார். "பால்குடி," என்றார். சொன்ன வாயை அங்கேயே தைத்துவிடலாம் போலிருந்தது. பெற்ற பிள்ளையை அவன் காதுபட, பகைவனோடு நின்று பழிக்கிறேனே என்று நொந்துகொண்டார். பொய்யாகச் சொன்ன பித்தப்பைக் கல் நிஜமாகவே உருளுவதுபோல இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால்தான் அது நடந்தது. பந்து ஷோமாவிடம் வந்தது. பக்கத்தில் யாருமில்லை, நேரமிருந்தது. இந்த நேரம்தான் சின்னப் பையன்களைக் கெடுக்கும். தயங்கினான். கோல் கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். தட்டியதில் வேகமில்லை. நாட்ரேவ் முன்னணி ஆட்டக்காரன் நடுவில் பாய்ந்து பந்தைக் கவ்வி, கீப்பரைச் சுற்றிக்கொண்டுபோய் வலைக்குள் வைத்தான்.

கூண்டு வெடித்தது. யார் யாரோ மேலே விழுந்தார்கள். காஷ்பார் வென்டெலை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். "பெரியவரே! பெரியவரே!" என்று குலுக்கினான். கைகள் தானாக உயர்ந்தன, உயர்த்தாவிட்டால் தெரிந்துவிடும். பெரிய திரையில் கூண்டைக் காட்டுகிறார்களோ என்ற பயத்தில் முகத்தைக் காஷ்பாரின் தோளில் புதைத்துக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து குதித்தார். தோளுக்கு மேலாக ஒரு கண்ணால் பார்த்தபோது, ஷோமா முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து நின்றான். யாரும் அவனருகில் போகவில்லை.

"நன்றி, மூணாம் நம்பர்! நன்றி!" என்று கூண்டு கைதட்டிப் பாடியது.

இடைவேளையில் வென்டெல் வாசலுக்கு ஓடினார். மஞ்சள் அங்கி போட்ட காவலாள் தலையாட்டினான்.

"தெறக்க மாட்டோம் பெரியவரே. ஆட்டம் முடியணும். முடிஞ்சும் உள்ளூர்க்காரங்க கலைஞ்சு போற வரைக்கும் நிக்கணும். அப்புறம் போலீஸ் வந்து உங்க எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி ரயிலேத்தி விடும்."

"எனக்கு உடம்பு சரியில்லப்பா."

"டாக்டரக் கூப்பிடட்டா? மைக்குல சொல்லுவாங்க. பேரச் சொல்லுங்க."

"வேணாம், வேணாம்."

"யோவ், நான் இந்த ஊர்..." என்பதுவரை நாக்கின் நுனிக்கு வந்தது. பின்னால் பத்து மஞ்சள் கறுப்பு மப்ளர்கள் கழிப்பறைக்கு வரிசையில் நின்றன. விழுங்கிக்கொண்டார். பழைய மைதானமாக இருந்தால் எந்தப் பலகை ஆடும், எந்த மரத்தடியில் ஓட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பார். இங்கே சுவரும் கண்ணாடியும் வலையும் புத்தம்புதிது. எங்கும் ஒரு நூல் பிசகில்லை. ஆப்பசைத்த குரங்குக்காவது வால் மட்டும்தான் மாட்டியது.

இரண்டாம் பாதியில் ஷோமாவை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார். எடுக்கவில்லை. இப்போது அவன் எதிர் மூலையிலிருந்து இந்தப் பக்கம் நோக்கி ஓடிவரவேண்டும். வந்தான். திரும்பத் திரும்ப வந்தான். தப்புச் செய்த பையன்கள் பந்து வரும் இடத்திலிருந்து ஒளிந்துகொள்வார்கள். வென்டெல் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார். இவன் கையைத் தூக்கித் தூக்கிப் பந்தைக் கேட்டான். ஒருமுறை மூன்று பேரைத் தாண்டிவந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. வென்டெல் தன்னை மறந்தார். அழுகை வேறு வந்துவிட்டது.

"நிமிந்து ஓடுறா ஷோமா, நிமிந்து," என்று உதடு முணுமுணுத்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. காஷ்பார் குனிந்து, காதோடு பேசினான்.

"பெரியவரே. அது உங்க பையனா?"

வென்டெல் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"அப்ப இந்த மப்ளரு?"

"உங்க ஆளு ஒருத்தன்கிட்டப் புடுங்கினது."

காஷ்பார் கெட்ட வார்த்தை ஒன்றைப் பல்லுக்குள் கடித்தான். சுற்றும் பார்த்தான். "வாயத் தெறக்காதீங்க. என்னை ஒட்டியே நில்லுங்க. பசங்களுக்குத் தெரிஞ்சா உங்கள மட்டுமில்ல, மரியாத பண்ணிக் கூட்டியாந்து முன்னால நிறுத்துன என்னையும் சேத்து உரிச்சிடுவானுங்க." சற்றுப் பொறுத்து, வேண்டா வெறுப்பாகச் சொன்னான். "நல்லாத்தான் ஆடுறான், சனியன்."

ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது. நாட்ரேவ் ஜெயித்தது. இருக்கைகள் காலியாகி, விளக்குகள் பாதி அணைந்து, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்த பிறகும் கூண்டைத் திறக்கவில்லை. கடைசியில் கேடயமும் தடியுமாகப் போலீஸ் வந்தது. இரண்டு பக்கமும் சுவர்போல வரிசை கட்டி, நடுவில் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனது. யாரும் நிற்கக்கூடாது, யாரும் பிரியக்கூடாது. காஷ்பார் வென்டெலைக் கூட்டத்தின் நட்டநடுவில் செருகிக்கொண்டான்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழி ரயில்பாதை மேட்டின் அடிவாரத்தில்தான். மேட்டில் முரசுக் கூட்டம் முழுக்க நின்றது. பந்தங்கள் எரிந்தன. விதைத்தோலும் வசவும் கீழே பறந்துவந்தன. வென்டெல் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் கொஞ்ச தூரம். தாண்டிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பேருந்து பிடித்து வீடு போய், போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

அப்போது மேலே வசவு நின்று, வேறு சத்தம் கிளம்பியது.

"சட்டையக் கழட்டு! சட்டையக் கழட்டு!"

நிமிர்ந்து பார்த்தார். தோற்றுவந்த ஆட்டக்காரர்களை இன்னும் விடவில்லை, மேட்டில் வரிசையாக நின்றார்கள். ஒருவனை மட்டும் முன்னால் தள்ளியிருந்தார்கள். ஷோமா. அவன் கூட்டத்துக்குள் முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"அப்பா எங்க?" என்று கேட்டது கீழே வரைக்கும் கேட்டது.

"உங்கப்பன் வயித்து வலின்னு வீட்டுல படுத்துட்டான்," என்றான் ஒடோன். "நீ கிழிச்சதக் காதால கேக்காமத் தப்பிச்சான், புண்ணியவான். கழட்டு தம்பி. உங்கப்பன் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவான்."

பிள்ளையின் முகம் விழுந்ததை வென்டெல் பார்த்தார். மேட்டுக்குக்கூட அப்பா வரவில்லை. ஷோமா மெதுவாகச் சட்டையின் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தான். பனியில் அந்த வெளுத்த வயிறு தெரிந்தது.

"கழட்டாதடா!"

தன் குரல்தான் என்று வென்டெலுக்கே தெரியச் சற்று நேரமானது. காஷ்பார் அவர் வாயைப் பொத்தப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டார்.

"கழட்டாதடா ஷோமா! நான் பாத்தேன்! ஒவ்வொரு பந்தும் பாத்தேன்! நீ கழட்டாத!"

முரசு நின்றது. இருநூறு பேரும் கீழே பார்த்தார்கள். போலீஸ் வரிசைக்கு நடுவில், பகைவன் கூட்டத்துக்கு நடுவில், மஞ்சள் கறுப்பு மப்ளர் சுற்றிய கழுத்தோடு தங்கள் தலைவர். ஒடோன் வாயைப் பிளந்தான். மூடினான். அப்புறம், அவர் கற்றுக்கொடுத்தபடியே, முதுகைத் திருப்பினான். அவனைப் பார்த்து அடுத்தவன். பிறகு மொத்த மேடும் திரும்பியது.  ஜிகாவுக்கு எப்படியிருந்திருக்கும் என்பது வென்டெலுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாட்ரேவ் பையன்களுக்குள் உறுமல் எழுந்தது. "ரயில்ல பாத்துக்கலாம், இப்ப நடங்கடா!" என்று காஷ்பார் அதட்டினான். போலீஸ்காரன் ஒருவன் வென்டெலின் முதுகில் கையை வைத்துத் தள்ளினான். "நிக்காதீங்க, நடங்க."

"இவங்களோட நான் வரலய்யா. என் வீடு இங்கதான் இருக்கு. அங்க நிக்கிறது என் பையன்."

"அதெல்லாம் ரயிலேறிச் சொல்லுங்க."

பக்கவாட்டில் சரளைக்கல் உருளும் சத்தம். ஷோமா மேட்டிலிருந்து சரிந்து இறங்கி வந்தான். சட்டை உடம்பில்தான் இருந்தது. கேடயங்களுக்கு அந்தப் பக்கம், அப்பாவுக்கு நேராக நடந்தான். 

"எங்கேந்து பாத்த?"

"கூண்டுலேந்துடா."

"முழுசாவா?"

"முழுசா. உள்ள விட்டவன் வெளிய விடல."

"அப்ப அதையும் பாத்த."

"பாத்தேன்."

ஷோமா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான். "கோல் விழுந்ததும் கூண்டே குதிச்சுது. நான் திரும்பிப் பாக்கல, சத்தம் கேட்டுச்சு. நீ என்னப்பா பண்ணின?"

பொய் சொல்ல இடமிருந்தது. காலையிலிருந்து பொய்யாகவே சொல்லிவந்த வாய்தானே. வென்டெலுக்கு அலுத்துவிட்டது.

"குதிச்சேன்," என்றார்.

ஷோமா நின்றுவிட்டான். வென்டெலால் நிற்க முடியவில்லை. கூட்டம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளை சின்னதாகிக்கொண்டே போனான். எல்லாம் போயிற்று, இதுவும் போயிற்று என்று அவருக்குக் கண் இருட்டியது.

ரயில் பெட்டியின் படியில் அவரை ஏற்றியபோது பிளாட்பாரத்தில் யாரோ ஓடிவந்தார்கள். ஷோமா மூச்சிரைக்க, போலீஸ்காரனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. வாயோரம் மட்டும் கோணிக்கொண்டிருந்தது.

"அப்பா! அப்படின்னா இன்னைக்கு நாம ரெண்டு பேருமே நாட்ரேவுக்குத்தாம்பா ஆடிருக்கோம்!"

வென்டெல் சிரித்தாரா அழுதாரா என்று பக்கத்தில் நின்ற காஷ்பாருக்கே தெரியவில்லை. கதவு மூடியது. ரயில் அவரை நாட்ரேவுக்கு இழுத்துக்கொண்டு போனது.